பதினேழாயிரம் அடியில் ஒரு தினக்கணக்கு

பரங்கிமலை மாதா கோயில் வளாகத்தில் வில்லியம் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்களும், மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களும் அதைக் கடந்துதான் போகிறார்கள். யார் இவர் என்று கேட்பவர்கள் குறைவு. 1802 ஏப்ரல் 10 அன்று, இந்த மலையை ஒட்டிய சமவெளியில் நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி நிலத்தை அளக்கத் தொடங்கியவர் அவர். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறக்குறைய ஏழரை மைல் தூரத்தை அந்தச் சங்கிலியாலேயே அளந்தார். வெயிலில் எஃகு நீளும், நிழலில் சுருங்கும். அதனால் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து, எத்தனை டிகிரி என்று குறித்து, அதற்கேற்ப நீளத்தைத் திருத்திக் கணக்கெழுதினார். 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை அளந்து, முதல் கணக்கு சரிதானா என்று பார்த்துக்கொண்டார்.

அந்த ஏழரை மைல் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த அளவைதான் கடைசியில் இமயமலையை எட்டியது. லாம்டன் 1823-இல் இறந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் வேலையைத் தொடர்ந்தார். 1850களில் வங்கத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தர் போட்ட கணக்கில், 'பதினைந்தாம் சிகரம்' என்று குறிக்கப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. சங்கிலியிலும் கோணத்திலும் போட்ட கணக்கு முப்பது அடிதான் தள்ளியிருந்தது.

இந்தக் கதை எனக்குத் தெரியவந்தபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தேன். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போவது என்று முடிவுசெய்து, பயிற்சிக்காகப் பரங்கிமலைப் படிகளை விடியற்காலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வங்கியில் கேஷ் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்து கணக்கிலேயே காலம் தள்ளியவள் நான். லாம்டன் வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. பிழை வரத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, அதை அன்றன்றைக்கே எழுதிவைத்த மனிதர். மலையில் நான் கற்றுக்கொண்டதும் கடைசியில் அதைத்தான்.

2023 மே மாதம், விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார், தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண் என்று செய்தி வந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "உச்சி வேணாம், அடிவாரம் வரைக்குமாவது போய்ட்டு வரேனே" என்றேன். என் வீட்டுக்காரர், "கொடைக்கானல் போனாலே ரெண்டு ஸ்வெட்டர் போடுற ஆளு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவரே டார்ச் லைட் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் வங்கியில் விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. வெளிநாட்டுக்குச் செல்லாது என்பதால் சொந்தச் சேமிப்பில்தான் போக வேண்டியிருந்தது.

தாம்பரத்தில் இருந்துகொண்டு மலைக்குப் பயிற்சி எடுப்பது ஒரு வேடிக்கை. திருநீர்மலை, திரிசூலம், பரங்கிமலை, இவைதான் நமக்குக் கிடைத்த மலைகள். பரங்கிமலையின் உயரமே முந்நூறடிதான். மழை நாட்களில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படியை, முதுகுப் பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசியோடு ஏறி இறங்குவேன். வாட்ச்மேன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "லிஃப்ட் வேலை செய்யுதும்மா" என்றார். முழங்காலுக்கும் தொடைக்கும் இந்தப் பயிற்சி போதும். ரத்தத்துக்குப் போதாது. தமிழ்நாட்டின் உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். கேரளத்து ஆனைமுடி 2,695 மீட்டர். எவரெஸ்ட் பாதையில் இரண்டாம் நாள் இரவு தங்கும் நாம்சே பஜார் 3,440 மீட்டர். அதாவது, தென்னிந்தியாவில் எந்த மலையில் ஏறி நின்றாலும் கிடைக்காத உயரத்தில் அங்கே ஊரே இருக்கிறது, சந்தை கூடுகிறது, பேக்கரி இருக்கிறது.

அக்டோபரில் கிளம்பினோம். குழுவில் பெரும்பாலோர் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். நான்தான் மூத்தவள், எல்லோருக்கும் ஆன்ட்டி. நேபாளத்தில் அப்போது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு செல்லாது என்பதால் நூறு ரூபாய்க் கட்டுகளாக எடுத்துப் போயிருந்தேன். நம் நூறு ரூபாய்க்கு அங்கே நூற்று அறுபது. பிள்ளைகள் கடைக்குக் கடை என்னைத்தான் கணக்குக் கேட்டார்கள். காத்மாண்டு தமேல் கடைத்தெருவில் இறகு ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்கு எடுத்தோம். நெரிசலான மாதங்களில் லுக்லாவுக்கு விமானம் மந்தலியிலிருந்துதான் கிளம்பும் என்று நள்ளிரவில் வேனில் ஏற்றி, மலைப் பாதையில் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோனார்கள்.

லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். ஒரு முனையில் மலைச் சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. பாதையே சரிவாக இருக்கிறது: இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகம் குறைகிறது, கிளம்பும் விமானம் சரிவில் ஓடி வேகம் பிடிக்கிறது. இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் வாசலைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத்தான் இறங்கினேன்.

முதல் இரண்டு நாள் பாதை தூத் கோசி ஆற்றை ஒட்டியே போகிறது. தொங்கு பாலங்கள். எதிரே சுமையோடு மாடுகள் மணியடித்துக்கொண்டு வரும்போது மலைப் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் நிற்கக் கூடாது என்பது வழிகாட்டி சொன்ன முதல் விதி. பாதை நடுவே மந்திரம் செதுக்கிய மணிக் கற்கள் குவிந்திருந்தால் இடப்பக்கமாகக் கடக்க வேண்டும் என்பது இரண்டாவது. கோயில் பிராகாரம் சுற்றிப் பழகின நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது விதியை எல்லோருக்கும் தினம் தினம் சொன்னார்: "பிஸ்தாரே, பிஸ்தாரே." மெதுவாக, மெதுவாக.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். பீச் ஸ்டேஷன் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டால் மேம்பாலப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிற கூட்டம் நாம். எனக்கு வயது உதவி செய்தது. மெதுவாக நட என்றால் சந்தோஷமாக நடந்தேன். பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள், பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள், நான் கடந்து போனதும் மறுபடியும் ஓடினார்கள். சுமை தூக்குகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்கு நடை பிடிபட்டது. அவர்கள் கையில் இடுப்பளவு உயரத்தில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு கட்டை இருக்கும். அதன் பெயர் தோக்மா. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்தக் கட்டையைப் பின்னால் ஊன்றி, கூடையின் அடியை அதன்மேல் தாங்கவைத்து, நெற்றிப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, நின்றபடியே உதட்டைக் குவித்து நீளமாக மூச்சு விடுவார்கள். பிறகு அடுத்த சில நிமிடம் நடை. மலையேற்றக்காரர்களின் சாமானைத் தூக்குகிறவருக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. கடைச் சரக்கு கொண்டுபோகிறவர்கள் அதைத் தாண்டியும் தூக்குகிறார்கள். பிளைவுட் பலகைகளை முதுகில் அடுக்கிக்கொண்டு போன ஒருவர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நாம்சே போய்ச் சேர்ந்தார். வழியில் அவர் ஒருமுறைகூட ஓடி நான் பார்க்கவில்லை.

நாம்சேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். ஓய்வு நாள் என்று பட்டியலில் போட்டிருந்தது. காலை ஏழு மணிக்கே எழுப்பி, 3,880 மீட்டர் வரை ஏற்றி, எவரெஸ்ட்டைக் காட்டி, பகலுக்குள் திரும்ப இறக்கிவிட்டார் வழிகாட்டி. பகலில் உயரத்துக்குப் போ, இரவில் கீழே வந்து தூங்கு என்பது அந்த ஊர்ச் சட்டம். 3,000 மீட்டருக்கு மேலே ஒரு இரவு தூங்கிய இடத்துக்கும் மறு இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் நிற்க வேண்டும் என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். காரணம் எளியது. உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அடிவார முகாமில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒரு மூச்சுக்குக் கிடைப்பதும் பாதி. ஈடுகட்ட உடம்பு வேகமாக மூச்சு விடுகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடுகிறது. அந்தக் காரத்தைச் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிச் சமன் செய்ய நாட்கள் வேண்டும். ரத்தச் சிவப்பணு பெருகவோ வாரக்கணக்கில் ஆகும். ஓட்டப்பந்தய வீரனுக்கும் இதே கணக்கு, வங்கி ஊழியைக்கும் இதே கணக்கு. உடற்பயிற்சி செய்த உடம்புக்கு மலைநோய் வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேகமாக ஏற முடிகிறவருக்கு ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

தினமும் மாலை, தங்கும் விடுதியின் சாப்பாட்டு அறையில், சாணம் எரியும் இரும்பு அடுப்பைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது வழிகாட்டி ஒரு சின்ன நோட்டோடு வருவார். ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டரை மாட்டுவார். பிறகு கேள்விகள். தலை வலிக்கிறதா? சாப்பாடு எவ்வளவு இறங்கியது? தூக்கம் வந்ததா? சிறுநீர் எத்தனை முறை? கடைசிக் கேள்விக்கு முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. 2021 மே மாதம் இதே கருவியில் 94-க்குக் கீழே எண் இறங்கினால் நம் தெருக்களில் ஆம்புலன்ஸ் தேடினோம். அங்கே எனக்கு 84 வந்தது, "நல்லா இருக்கு, தீதி" என்றார் வழிகாட்டி. தீதி என்றால் அக்கா.

எனக்கு அந்த நோட்டு ரொம்பப் பரிச்சயமானதாகத் தோன்றியது. வங்கியில் மாலை ஷட்டரைப் பாதி இறக்கியதும் கேஷியர் செய்கிற வேலை அது. கட்டுக் கட்டாக எண்ணி, நோட்டு வாரியாக எழுதி, கம்ப்யூட்டரில் இருக்கிற தொகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஐந்நூறு ரூபாய் குறைந்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைக்காசைப் போட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒருவர் அதை மூடினால், மறுநாள் அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்னொரு பள்ளம் தோண்ட வேண்டிவரும். அன்றே சொன்னால் அது கேஷ் ஷார்ட். மறைத்தால் அது குற்றம். தொகை இரண்டிலும் ஒன்றுதான். மலையில் தலைவலியும் அப்படித்தான் என்று அந்த நோட்டைப் பார்த்தபோது புரிந்தது. சொன்னால் ஒரு நாள் தங்கினால் தீர்ந்துபோகிற விஷயம். மறைத்துக்கொண்டு மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும்.

தெங்போசே மடாலயத்தைத் தாண்டி, ஆமா தப்லாம் சிகரத்தை ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டே நடந்து, திங்போசே போனோம். 4,410 மீட்டர். கல் சுவர் கட்டிய உருளைக்கிழங்கு வயல்கள். அங்கே தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுபோயிருந்தேன். தால் பாத்தோடு அதைப் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். இரவில் தூக்கம் வராது. மூச்சு வேகமாக ஓடும், சட்டென்று நிற்கும், திடுக்கிட்டு விழித்துக்கொள்வோம், மறுபடியும் ஓடும். இது எல்லோருக்கும் நடக்கிறது, பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலைமாட்டில் வைத்த பாட்டில் தண்ணீர் விடிவதற்குள் கட்டியாகிவிடும். போனில் செய்தி பார்க்க வைஃபை கார்டு வாங்கினேன். தாம்பரத்தில் மழை தொடங்கியிருந்தது.

எங்கள் குழுவில் ஒரு தம்பி. சோழிங்கநல்லூர்ப் பக்கம் வேலை. நீண்ட தூர ஓட்டங்களில் ஓடிப் பதக்கம் வாங்குகிறவன். முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து, எங்களுக்குத் தேநீர் சொல்லி வைப்பவன். திங்போசேயில் அவன் தட்டில் ஊறுகாய்கூட அப்படியே இருந்தது. கேட்டதற்கு "காலைல சாப்பிட்ட முட்டை ஒத்துக்கல, ஆன்ட்டி" என்றான். மாலை நோட்டு வந்தபோது, தலைவலி இல்லை, நன்றாகத் தூங்கினேன் என்றான். மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போனவன் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்ததைப் பார்த்தேன். "கேஸ் ட்ரபிள்" என்றான்.

அன்றைய பாதை துக்லா மேட்டில் ஏறுகிறது. மேட்டின் உச்சியில், எவரெஸ்ட்டில் இறந்தவர்களுக்கான நினைவுக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. 1999-இல் உச்சியில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 21 மணி நேரம் இருந்துவிட்டு வந்த பாபு சிரி ஷெர்பாவுக்கும் அங்கே ஒரு கல் உண்டு. 2001-இல் பனிப் பிளவில் விழுந்து இறந்தார். இமயத்தை அவரை விட அறிந்தவர்கள் சிலரே. எல்லோரும் கற்களுக்கு நடுவே மௌனமாக நடந்துகொண்டிருக்க, அந்தத் தம்பி ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

லொபுசே போனதும் நான் வழிகாட்டியிடம் போய்ப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் அவனை எழுப்பிக் கூட்டிவந்தார். சாப்பாட்டு அறையின் தரைப் பலகைகளுக்கு நடுவே நேராக ஓடிய இடுக்கைக் காட்டினார். இந்தக் கோட்டின் மேல், ஒரு காலின் விரல் நுனியில் மறுகாலின் குதிகால் படும்படி அடிவைத்து நட என்றார். தம்பி சிரித்துக்கொண்டேதான் தொடங்கினான். மூன்றாவது அடியில் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. கையை விரித்துச் சமாளித்தான். ஐந்தாவது அடியில் பெஞ்சைப் பிடித்தான். மறுபடியும் நடக்கச் சொன்னார். மறுபடியும் பெஞ்சு. அறையில் இருந்த வெள்ளைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் போவது இந்த நிதானம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வழிகாட்டி நோட்டை எடுக்கவில்லை. உதவியாளர் ஒருவரையும் சுமை தூக்குகிறவர் ஒருவரையும் கூப்பிட்டு, இப்போதே, இருட்டுவதற்குள், பெரிசேக்கு இறங்குங்கள் என்றார்.

பையைக் கட்டும்போது தம்பி என்னைப் பார்த்து, "ஏன் ஆன்ட்டி சொன்னீங்க? இன்னும் ஒரு நாள்தான பாக்கி?" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர். என்ன பதில் சொல்வது? "உங்கம்மா என்னைக் கேட்பாங்களே, தம்பி" என்றேன். அவன் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

மறுநாள் கோரக் ஷெப் போய், அங்கிருந்து பாறைக் குவியல்கள் வழியே அடிவார முகாம் போய்ச் சேர்ந்தோம். 5,364 மீட்டர், அடிக்கணக்கில் பதினேழாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேல். உச்சி ஏறுகிற பருவம் ஏப்ரல், மே மாதங்கள் என்பதால் அக்டோபரில் கூடாரங்கள் அதிகம் இல்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தின்போது பனிச்சரிவு வந்து மோதிய இடம் அதுதான். பனியாறு உள்ளுக்குள் விரிசல் விடுகிற சத்தம் கேட்டது. அங்கே போய் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. நிறைய யோசனைகள் வரும் என்று நினைத்துப் போயிருந்தேன். வந்தது ஒரே யோசனை, இவ்வளவு தூரம் திரும்பி நடக்க வேண்டுமே என்பது. எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டேன்.

உச்சியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் மறுநாள் விடியலில் காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும். அன்று இரவு எனக்கு நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. நோட்டு வந்தபோது சொன்னேன். எண் 76. "தீதி, நீங்கள் வர வேண்டாம்" என்றார். சரி என்றேன். மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து வர்ணித்தார்கள், கேட்டுக்கொண்டேன். நான் எவரெஸ்ட்டைப் பார்த்தது நாம்சே மேட்டிலும் தெங்போசேயிலும் மட்டும்தான். பரவாயில்லை. அன்று பகலில் கீழே இறங்க இறங்க வலி விட்டது.

பெரிசேயில் இமாலய மீட்புச் சங்கம் 1973 முதல் நடத்திவருகிற சின்ன மருத்துவமனை இருக்கிறது. மலையேற்றப் பருவங்களில் பல நாட்டு மருத்துவர்கள் சேவையாக வந்து இருந்து பார்க்கிறார்கள். தம்பி அங்கே விடுதியில் இரண்டாம் தடவை தால் பாத் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆக்சிஜனும் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். அதைவிட, ஐந்நூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியதே பெரிய மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு மேலேயே படுத்திருந்தால் காலையில் எழுந்திருப்பது நிச்சயமில்லை என்றும் சொன்னார்களாம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊறுகாய் பாட்டிலை நகர்த்திக்கொண்டே பேசினான். ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். தினமும் படம் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு. "முடியலனு சொல்ல அசிங்கமா இருந்துச்சு" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் உடம்பு சரியில்லை என்று சொல்வதே ஒரு பலவீனம். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலில் வந்த புண்ணைப் புடவைக் கொசுவத்துக்குள் மறைத்து, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, பண்டிகைக்கு முறுக்குச் சுட்டார். எங்களுக்குத் தெரிந்தபோது ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. "உங்களுக்கெல்லாம் எதுக்கு வீண் கவலைன்னுதான்" என்றார். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது பழைய கதை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் நல்ல காற்றையும் ஓய்வையும் நம்பி மக்கள் அங்கே வந்தார்கள். அந்தப் பெயரிலேயே ரயில் நிலையமும் வந்தது. வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று, இருமலை வெளியே சொல்லாமல் வைத்திருந்து, முற்றிய பிறகு கொண்டுவந்த குடும்பங்களைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள். நாம் வாய் திறக்கக் கூச்சப்பட்டே இழந்தவை அதிகம்.

ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், 2023 டிசம்பர் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம். எங்கள் தெருவிலும் தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் இல்லை. என் வீட்டுக்காரர் மலைக்கென்று வாங்கிய டார்ச்சை எடுத்துக்கொண்டு, தினம் மாலை ஒவ்வொரு மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கையில் ஒரு நோட்டு. காய்ச்சல் இருக்கிறதா? மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது? இன்சுலின் போடுகிறவர் யார்? குடிக்கத் தண்ணீர்? முதல் நாள் எல்லோரும் ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் மூன்றாவது மாடிப் பெரியவரின் மருமகள் கதவைப் பாதி மூடிக்கொண்டு, "மாமாவுக்கு நேத்துல இருந்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்குங்கறார், யாருக்கும் சொல்லக் கூடாதுங்கறார்" என்றாள். படகு வைத்திருந்த பையன்களைக் கூப்பிட்டு அன்றே அனுப்பினோம். பெரியவர் நன்றாக இருக்கிறார். என்மேல் கொஞ்ச நாள் கோபமாக இருந்தார்.

மலையேறத் திட்டமிட்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு நாட்களைக் குறைத்து விலையைக் குறைக்கிற பயணத் திட்டத்தை வாங்காதீர்கள். மலைநோய்க்கான மாத்திரை எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். மாலையில் நோட்டோடு வந்து கேள்வி கேட்காத வழிகாட்டி என்றால், நீங்களே ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேளுங்கள். மேலே தலை வலித்தால், வேறு காரணம் தெரியும் வரை, அது மலைநோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை வேண்டாம் என்கிறவர்களும் இன்று மாலை வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்கலாம். உடம்பு என்ன சொல்கிறதோ அதை அன்றைக்கே சொல்லிவிடச் சொல்லுங்கள். யாராவது மறைப்பது தெரிந்தால் அவர்களுக்காக நீங்கள் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.